ஐந்தரை முதல் ஐந்தரை வரை

வாட்சோவில் நவம்பர் கடைசியில் சூரியன்
விடுப்பு எடுத்துக்கொள்ளும்.
ஜனவரி பாதியில்தான் வேலைக்குத் திரும்பும்.
இடையில் எங்களுக்குக் காலை என்பது
காபி இயந்திரம் இருமுகிற சத்தம்.

எனக்கு இன்னொன்றும் உண்டு.
ஐந்தரை மணி, ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர்.
மெல்லாதே, உடைக்காதே, முழுசாக விழுங்கு
என்று பெட்டியில் எழுதியிருக்கிறது,
என்னைத் தெரிந்த யாரோ எழுதியதுபோல.

ஏலிஃபுக்காகத்தான் போனோம்.
மகனிடம் மருத்துவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும்
நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.
நாலாவது பதிலில் பேனாவைக் கீழே வைத்தார்.
"ராக்னா, நீ யாரைப் பற்றிச் சொல்கிறாய்?"
எனக்கு அப்போது நாற்பத்தாறு.

பனி தள்ளும் லாரி என்னுடையது.
ஒரு குளிர்காலம், ஆளில்லாத கோடை வீடொன்றுக்கு
ஓரம் சீவி, முனை திருத்தி,
கல்யாண வீட்டு வாசல்போலப் பாதை போட்டேன்.
அந்த நேரம் பள்ளிப் பேருந்து
மேட்டில் புதைந்து கிடந்தது.
கவனமே இல்லாதவள் என்றார்கள்.
இருந்தது. வேறு வீட்டுக்குப் போயிருந்தது.

முதலில் தந்தது நாலு மணி நேரத்து மாத்திரை.
மறதிக்காரிக்கு
மறக்காமல் மூன்று வேளை!
இரண்டாவதை மறப்பேன்,
மறந்ததை மறப்பேன்,
சாயங்காலம் சட்டைப்பையில் கை விட்டால்
திருகு ஆணிகளோடு அது கிடக்கும்.

பிறகுதான் இந்த நீளமானது.
மருந்துக்கடை யோரூன் கவுன்டரில் படம் போட்டுக் காட்டினாள்:
மேல் பூச்சு முதலில் கரையும்.
அப்புறம் உடம்பின் ஈரம் உள்ளே கசியும்,
ஒரு பக்கம் ஊதும், மறுபக்கம்
ஊசிமுனைத் துளை வழியே
மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்.
வீரியம் கூடியதல்ல, நிதானம் கூடியது.
வேலை முடிந்ததும் காலி ஓடு அப்படியே வெளியே வரும்,
கண்ணில் பட்டால் பயப்படாதே என்றாள்.

பயப்படவில்லை. பொறாமைப்பட்டேன்.
உள்ளதை நாள் முழுக்க அளந்து கொடுத்துவிட்டு
உடையாமல் வெளியே வர
எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

புத்தி கூடியதா என்று தங்கை கேட்டாள்.
இல்லை. கையிலிருக்கிற வேலைக்கு
ஒரு கைப்பிடி முளைத்தது, அவ்வளவுதான்.
மதியம் பசிக்காது. ரொட்டி
போன வழியே வீடு திரும்பும்.
ஐந்தரைக்கு இறங்கும், சும்மா இறங்காது.
ஒற்றைக் காலுறைக்காக ஏலிஃபிடம் கத்தியிருக்கிறேன்.
சற்றைக்கெல்லாம் அவனுடையதும் இறங்கும்.
ஒரே சமையலறையில் இரண்டு அஸ்தமனம்.

போன டிசம்பரில் புயல்.
சாலையை மூடினார்கள். என் பின்னால் வரிசையாகப்
பதினோரு கார்கள், நான் முன்னே.
நாலுக்கு விடுவதாகச் சொன்ன தடுப்பை
ஏழுக்குத் திறந்தார்கள்.
மாத்திரை எப்போதோ காலி.

தலைக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள்:
கட்டாத மின்சாரக் கட்டணம்,
வைப்பரின் சத்தத்தில் ஒரு பழைய பாட்டு,
பூனைகளுக்கு முழங்கால் உண்டா என்ற கேள்வி.
விளக்கொளியில் ஓரக் குச்சிகள் மட்டும்
ஒன்று, பிறகு வெள்ளை, பிறகு ஒன்று.
வாய்விட்டு எண்ணினேன்.
நாற்பதில் தொலைத்தேன். ஒன்றிலிருந்து.
பத்தொன்பதில் தொலைத்தேன். ஒன்றிலிருந்து.
எத்தனை ஒன்றுகள் என்று கேட்காதீர்கள்.

ஊர் விளக்கு தெரிந்ததும் கண்ணாடியில் பார்த்தேன்.
பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.
கடைசிக் காரிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்து
கதவைத் தட்டி, ஒன்றும் பேசாமல்,
சூடான குடுவையை நீட்டினார்.
குடித்தேன். நன்றி சொன்னேன். கிளம்பிவிட்டேன்.

குடுவை இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது,
பச்சை நிறம், மூடியில் ஒரு கீறல்.
அவர் பெயரைக் கேட்கவே இல்லை.
அது ஐந்தரைக்கு மேல் நடந்தது.